கணனிக்கு வீசிய விசிறி



பழைய வால்வு வானொலிப் பெட்டியை வீட்டில் வைத்திருந்தோர் அதன் மேற்பலகையில் ஒரு முறையேனும் கைவைத்துப் பார்த்திருப்பர். குமிழைத் திருப்பியவுடன் அப்பெட்டி பேசாது. உள்ளிருக்கும் கண்ணாடிக் குழல்கள் மெல்லச் செந்நிறம் பெற்று, அவற்றின் இழைகள் சூடேறிய பின்னரே குரல் எழும். ஒரு மணி நேரம் சென்றால் பெட்டியின் தலை இளஞ்சூடாகிவிடும். மார்கழிக் குளிரில் வீட்டுப் பூனை அதன்மீது ஏறிப் படுத்துக்கொள்வதும் உண்டு. ஐந்தாறு வால்வுகள் தரும் வெப்பமே இத்தகையதாயின், ஏறக்குறைய 18,000 வால்வுகளை ஒரே கூடத்தில் அடுக்கிவைத்து இரவும் பகலும் எரியவிட்டால் அக்கூடத்தின் நிலை யாதாகும்? கணனியின் வரலாறு இவ்வினாவோடு பிறந்தது. கணக்குச் செய்யும் பொறியை ஆக்குவது ஒரு வேலை. அப்பொறி தன் வெப்பத்திலேயே வெந்து போகாமற் காப்பது மற்றொரு வேலை. முன்னையதைச் செய்தோர் பெயர்களை நூல்கள் விரிவாகச் சொல்லும். பின்னையதைப் பற்றி, சிறப்பாக அவ்வேலையைச் சுமந்த சிறு மின்விசிறியைப் பற்றி, இன்று சிறிது பேச விரும்புகின்றேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மூர் மின்பொறியியற் கல்லூரியில் ஆக்கப்பெற்ற எனியாக் என்னும் கணனி 1946-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உலகுக்குக் காட்டப்பட்டது. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிக்கும் அட்டவணைகளுக்காகப் படைத்துறை அதனைக் கேட்டிருந்தது. எடை ஏறக்குறைய 30 தொன். அது உண்ட மின்சாரம் 150 கிலோ வாற்றளவாகும். இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நீரிறைக்கும் பொறி தான் பெற்ற ஆற்றலில் ஒரு பங்கையேனும் நீரை உயர்த்தும் வேலையாக மாற்றுகின்றது. கணனியோ எதனையும் உயர்த்துவதில்லை; தள்ளுவதுமில்லை. அது பெற்ற மின்னாற்றல் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிவருகின்றது. ஆகவே, எனியாக் நின்ற கூடத்தில் நூற்றைம்பது மின்னடுப்புக்கள் ஓயாது எரிந்தன என்று கொள்வதிற் பிழையில்லை. பெரிய ஊதுவிசிறிகள் காற்றை உள்ளே செலுத்தின. பொறியின் பகுதிகளில் வெப்பம் குறித்த அளவை விஞ்சினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவிகளும் பொருத்தப்பட்டிருந்தன.

அப்பொறியை ஆக்கியோர் இருவர்: ஜோன் மோக்லி, பிரெஸ்பர் எக்கேர்ட். இவர்களுள் எக்கேர்ட் இளைஞர். பொறியியலில் மிகுந்த எச்சரிக்கையுடையவர். பதினெண்ணாயிரம் வால்வுகளுள் ஒன்று பழுதுபட்டாலும் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, வால்வுகளை ஆக்கிய தொழிற்சாலைகள் இவ்வளவு தாங்கும் என்று குறித்த அளவுக்கு மிகவும் தாழ்ந்த மின்னழுத்தத்திலேயே அவற்றை இயக்கினார். அதன் பயனாக, நாளுக்குப் பல வால்வுகள் போகும் என்று அறிஞர் பலர் அஞ்சியிருந்த பொறியில், ஏறக்குறைய இரு நாளைக்கு ஒன்று போவதே வழக்கமாயிற்று. சூடேறும்போதும் ஆறும்போதுமே இழைகள் அறுகின்றன என்று கண்டு, வேலையில்லாத வேளையிலும் பொறியை அணைக்காது விட்டனர். தாங்கும் அளவுக்குக் கீழே நின்று நெடுநாள் வாழ்வது எக்கேர்ட் கண்ட வழி. அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், தாங்கும் அளவுக்கு மேலே ஏறி நின்று விரைவைப் பறித்துக்கொள்ளும் வழியை இளைஞர் பலர் கைக்கொண்டனர். நம் விசிறியின் கதை இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வது.

மின்விசிறி அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1880-களில் ஸ்கைலர் வீலர் என்னும் அமெரிக்கர், இரண்டே இதழ்கள் கொண்ட மேசை விசிறியை மின்மோட்டாரில் இணைத்தார். மனிதருக்கு வீசிய அவ்விசிறி பொறிகளுக்கும் வீசத் தொடங்கியது பின்னர். ஐம்பது, அறுபதுகளில் பெருங்கணனிகளைத் தனி மண்டபங்களில் வைத்து, நிலத்தைப் பலகையால் உயர்த்தி, அதன் கீழாகக் குளிர்காற்றைச் செலுத்தினர். காற்றுப் போதாத இடங்களில் வேறு வழிகளும் கையாளப்பட்டன. 1976-இல் வெளிவந்த கிறே-1 என்னும் அதிவேகக் கணனியில், குளிர்சாதனப் பெட்டியிற் பயன்படும் வாயுவைக் குழாய்களில் ஓடவிட்டார் சீமோர் கிறே. 1985-இல் வந்த கிறே-2 இன்னும் வியப்பானது. அதன் மின்சுற்றுக்கள் யாவும் மின்கடத்தாத ஒருவகைத் தெளிந்த திரவத்தில் முழுமையாக மூழ்கிக் கிடந்தன. அரசாங்கங்களும் ஆய்வுகூடங்களும் வாங்கக்கூடிய பொறிகள் அவை. வீட்டுக்கு உரியன அல்ல.

வீட்டுக்கு வரக்கூடிய கணனிக்கு வித்திட்டது 1947-இற் பிறந்த திரான்சிற்றர். அதற்குச் சூடேறும் இழை வேண்டியதில்லை. 1958-இலும் 1959-இலும் கில்பி, நொய்ஸ் என்போர் தனித்தனியே கண்ட வழியால் திரான்சிற்றர்கள் பல ஒரே சில்லில் அமைந்தன. 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. அது உண்ட மின்சாரம் ஒரு வாற்றை எட்டவில்லை. அதற்கு விசிறி எதற்கு? எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த வீட்டுக் கணனிகள் சில விசிறியே இல்லாமல் வெளிவந்தன. அப்பிள் நிறுவனத்து இரண்டாம் கணனி அத்தகையது. அதனுள் மேலதிகப் பலகைகளைச் செருகியவர்கள் வெப்பத்தால் அல்லலுற்றமையால், பெட்டியின் பக்கத்தில் மாட்டும் விசிறிகளை வேறு நிறுவனங்கள் ஆக்கி விற்றன. 1980-இல் வந்த அப்பிள் மூன்றாம் கணனியும் விசிறியின்றியே வந்தது. விசிறியின் இரைச்சலை விரும்பாத ஸ்டீவ் ஜொப்ஸ் அதற்கு இடங்கொடுக்கவில்லை என்பர். அக்கணனியில் தொடக்கத்தில் எழுந்த பழுதுகளுக்கு வெப்பமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சூட்டினால் சில்லுகள் தம் இருக்கையிலிருந்து தளர்ந்தால், பெட்டியைச் சிறிது தூக்கி மேசையிற் போடுக என்று அறிவுரை கூறப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. எவ்வாறாயினும், விற்ற கணனிகளை ஆயிரக்கணக்கில் மீளப் பெற்று மாற்றிக் கொடுக்க நேர்ந்தது.

சில்லின் வெப்பத்தைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்தவர்களும் உளர். கோர்டன் மூர் என்பாரின் பெயரை, சில்லிலுள்ள உறுப்புக்கள் ஆண்டுதோறும் பெருகும் என்ற அவரது முற்கூற்றினால் பலர் அறிவர். 1965-இல் அவர் எழுதிய அதே கட்டுரையில், இத்தனை உறுப்புக்களின் வெப்பத்தை ஒரு சிறு சில்லிலிருந்து எவ்வாறு அகற்றுவது என்ற வினாவையும் எழுப்பினார். உறுப்புக்கள் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொன்றையும் இயக்க வேண்டிய ஆற்றலும் குறைந்து வருமாதலால் அச்சமில்லை என்று விடையும் கூறினார். 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்து ரொபேட் டெனாட் முதலியோர் இதனைக் கணித முறையில் நிறுவினர். அளவையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்திற் குறைத்தால் வேகம் கூடும். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எழும் வெப்பம் மட்டும் மாறாது நிற்கும். இதனை இலவசமாகக் கிடைத்த விருந்து எனலாம். அவ்விருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஆயினும், நடைமுறையில் ஆக்கியோர் மின்னழுத்தத்தைக் கணக்கிற் சொன்ன அளவுக்குக் குறைக்கவில்லை. வேகத்தையோ கணக்கைக் காட்டிலும் விரைந்து கூட்டினர். விருந்துக்குரிய விலைச்சீட்டு மெல்லமெல்ல எழுதப்பட்டு வந்தது.

இனி, கணனியை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1984-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.ரி. என்னும் கணனி 6 மெகா ஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அவ்வேகத்தைத் தாளம் தட்டிக் கொடுத்தது 12 மெகா ஹேர்ட்ஸ் பளிங்கு ஒன்று. அதன் துடிப்பை இரண்டாற் பிரித்தே செயலிக்கு ஊட்டினர். அப்பளிங்கைச் சிலர் பிடுங்கிவிட்டு 16 அல்லது 18 மெகா ஹேர்ட்ஸ் பளிங்கைச் செருகினர். கணனி 8 அல்லது 9 மெகா ஹேர்ட்ஸில் ஓடலாயிற்று. ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிய பொறிக்குச் சில டொலரிற் கிடைத்த வேகம் அது. ஆக்கிய நிறுவனம் இதனை விரும்பவில்லை. பின்னர் வந்த மாதிரிகளில், தொடங்கும் வேளையிலேயே வேகத்தை அளந்து, மிகுதியாக இருந்தால் பிழை என்று அறிவித்து நிற்கும் நிரலை உள்ளே எழுதிவைத்தது. என் பொருளை நான் எவ்வாறு பயன்படுத்துவது என்ற உரிமைக்கும், நான் விற்றது இவ்வளவே என்ற கட்டுப்பாட்டுக்கும் இடையே எழுந்த வழக்கு அது. சட்டமன்றம் ஏறாத வழக்கு, மேசைமேல் நடந்தது.

1993-இல் வெளிவந்த முதற் பென்டியம் செயலி ஏறத்தாழ 15 வாற்று வெப்பத்தைத் தந்தது. சிறு நகத்தளவான இடத்திலிருந்து அவ்வளவு வெப்பம் வெளிவரின், சும்மா இருக்கும் காற்று அதனை ஏந்திச் செல்ல மாட்டாது. செயலியின்மேல் அலுமினியச் சீப்புப் போன்ற வெப்பந்தாங்கி அமர்ந்தது. அதன்மேல் உள்ளங்கையிலும் சிறிய விசிறி ஏறியது. சீப்பின் பற்கள் வெப்பத்தைப் பரந்த மேற்பரப்பில் விரிக்கின்றன. விசிறி அம்மேற்பரப்பிலிருந்து சூடேறிய காற்றைத் துரத்திப் புதிய காற்றைக் கொணர்கின்றது.

1998-இல் இன்டெல் விற்ற செலரோன் 300 ஏ என்னும் செயலியோடு ஒரு புதிய பருவம் பிறந்தது. அது மலிவானது, 300 மெகா ஹேர்ட்ஸில் ஓடுவதற்கென்று விற்கப்பட்டது. தாய்ப்பலகையின் தாளத்தை 66 இலிருந்து 100 மெகா ஹேர்ட்ஸுக்கு உயர்த்தினால், அவற்றுட் பல சிறிதும் முறுமுறுக்காமல் 450 மெகா ஹேர்ட்ஸில் ஓடின. பல மடங்கு விலையுள்ள செயலியின் வேகத்தை ஏழை மாணவனும் எட்டினான். ஈராண்டு கழித்து ஏ.எம்.டி. நிறுவனத்து அத்லோன் செயலியில் இன்னொரு விந்தை வெளிப்பட்டது. அதன் மேற்பரப்பில் அறுத்துவிடப்பட்டிருந்த நுண்ணிய இணைப்புக்களின்மீது கரிக்கோலால், ஆம், பள்ளிப் பிள்ளையின் பென்சிலால், ஒரு கோடு கீறினால் பென்சிற் கரி மின்னைக் கடத்திப் பூட்டுத் திறந்தது. கணனியின் வரலாற்றில் இதனைக் காட்டிலும் மலிவான திறவுகோல் இருந்ததாக நான் அறியேன்.

ஆனால், வெப்பம் எவருக்கும் கடன் சொல்லாது. சில்லின் வெப்பம் தாளத்தின் வேகத்தோடு நேர்விகிதமாக உயரும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயரும். 300 இலிருந்து 450 இற்கு ஏறிய செயலி ஒன்றரை மடங்கு வெப்பத்தைத் தரும். உறுதிக்காக மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவும் ஏறும். சூடு மிகுந்த சில்லில் மின்னோட்டம் உலோக இழைகளின் அணுக்களையே மெல்லமெல்லத் தள்ளிச் செல்லும் என்பதையும், வெப்பம் உயர உயர அவ்விழைகளின் ஆயுள் விரைந்து சுருங்கும் என்பதையும் ஜேம்ஸ் பிளாக் என்னும் பொறியியலாளர் 1969 அளவிலேயே சமன்பாடாக எழுதியிருந்தார். எனவே, வேகத்தை விரும்பியவர்களின் கண் விசிறிமேல் விழுந்தது. அது இன்னும் விரைவாகச் சுழன்றால் என்ன?

அவ்விசிறியின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்ப்போம். அதில் தூரிகைகள் இல்லை. உரசித் தேயும் தொடுகைகளும் இல்லை. இதழ்கள் பொருந்திய கிண்ணத்தின் உட்புறத்தில் வளையக் காந்தம் ஒன்று ஒட்டியிருக்கும். நடுவே அசையாத கம்பிச் சுருள்கள். காந்தத்தின் எப்பக்கம் அருகில் வருகின்றது என்பதை உணர்ந்து, சுருள்களுக்குச் செல்லும் மின்னோட்டத்தை மாற்றி மாற்றித் திருப்புவது பயறளவான ஒரு சில்லு. அது உணரும் விளைவை எட்வின் ஹோல் என்னும் மாணவர் 1879-இல் பல்ரிமோர் நகரில் கண்டறிந்தார். தூரிகையற்ற நேரோட்ட மோட்டாரை வில்சன், டிரிக்கி என்போர் 1962-இல் விவரித்தனர். ஒரு மாணவரின் ஆய்வுகூடக் கண்டுபிடிப்பு, நூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் பின், கோடிக்கணக்கான மேசைகளில் இரைந்துகொண்டிருந்தது.

இவ்விசிறியின் வேகம் அதற்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தை ஏறக்குறையப் பின்பற்றும். 12 வோல்ற்றில் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றுவது 7 வோல்ற்றில் அதனிற் பாதியைச் சற்றுக் கடந்து சுற்றும். விற்பனைக்கு வந்த விசிறிகள் பலவற்றில் ஆக்கியோரே வேகத்தை அடக்கி வைத்திருந்தனர். காரணம் இரைச்சல். பென்டியம் 4 செயலியோடு பெட்டியில் வந்த விசிறியை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் வெப்பத்தை உணரும் தடை ஒன்று இருந்தது. சூடேறினால் அதன் தடையளவு குறையும், மோட்டாரின் வேகம் கூடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அவ்வுணர்கருவி அறிந்தது செயலியின் சூட்டை அன்று. விசிறிக்குள் நுழையும் காற்றின் சூட்டையே. செயலி எவ்வளவு கொதித்தாலும் பெட்டிக்குள் வரும் காற்றுக் குளிர்ந்திருந்தால் விசிறி அமைதியாகவே சுழலும். வேகத்தைக் கூட்டிய செயலிக்கு இவ்வடக்கம் பொருந்தாது என்று கருதியவர்கள் உளியையும் பற்றாசுக் கோலையும் எடுத்தனர்.

அவர்கள் கையாண்ட வழி எளிது. விசிறியின் பின்புறத்து ஒட்டுத்தாளை உரித்து, மசகெண்ணெய் சிந்தாமல் மூடியை எடுத்து, அச்சைப் பிடித்திருக்கும் பிளவுபட்ட சிறு வளையத்தை ஊசிமுனையால் நெம்பினால் இதழ்க்கிண்ணம் கழன்றுவிடும். உள்ளே தெரியும் சுற்றுப்பலகையில் வெப்பவுணர் தடையைக் காணலாம். அதனோடு பக்கவழியாக ஒரு சாதாரணத் தடையைப் பற்றவைத்தால், இரண்டும் சேர்ந்த தடையளவு அவற்றுள் எதனினும் குறைந்துவிடும். காற்றுச் சூடாக இருக்கின்றது என்று மோட்டார் நம்பி விரைந்து சுழலும். இரு முனைகளையும் நேரே இணைத்துவிட்டால் எப்பொழுதும் முழு வேகம். பெரும்பாலான சுற்றுக்களில் இம்முறை பலித்தது. பொய் சொல்லி வேலை வாங்குதல் என்று இதனைக் கூறலாம். ஆனால், அப்பொய்யால் எவருக்கும் கேடில்லை.

கேடு வேறொரு வழியில் வந்தது. இவ்வளவும் போதாதென்று, 12 வோல்ற்றுக்கென்று ஆக்கிய விசிறிக்கு அதனினும் மிகுந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தவர்கள் இருந்தனர். பல விசிறிகள் 13.8 வோல்ற்று வரை தாங்கும் என ஆக்கியோரே குறித்திருந்தனர். அவ்வெல்லைவரை ஏறினால் வேகம் ஏழில் ஒரு பங்களவு கூடும். அதற்கு அப்பாற் சென்றவர்களின் விசிறிகளில் முதலில் இறந்தது இதழோ அச்சோ அன்று. மின்னோட்டத்தைத் திருப்பும் அப்பயறளவுச் சில்லே. விசிறி நின்ற பின்னர் செயலியின் கதி என்ன? அது செயலியைப் பொறுத்தது. 2001-இல் கணனி விமரிசகர் சிலர் ஓடிக்கொண்டிருந்த கணனிகளில் வெப்பந்தாங்கியையே கழற்றிக் காட்டினர். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு உயிர் தப்பியது. அத்லோன் சில நொடிகளிற் புகைந்து கரிந்தது. இரு நூறு ரூபா விசிறி ஒன்றுக்கு உயிர் கொடுக்கப் போய், அதன் நூறு மடங்கு விலையுள்ள செயலியைப் பலிகொடுப்பது அந்நாளில் எவருக்கும் நேரக்கூடியதாயிற்று.

இனி, அடைந்த பயன் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். விசிறிகளுக்கென்று பழமையான விதிகள் மூன்று உண்டு. காற்றின் அளவு வேகத்தைப் போல உயரும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் போல உயரும். வேண்டிய மின்வலுவோ வேகத்தின் கனத்தைப் போல உயரும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கூட்டினால் காற்றும் ஐந்தில் ஒரு பங்கே கூடும். மோட்டார் உண்ணும் வலுவோ முக்கால் மடங்களவு மிகும். இரைச்சல் ஏறக்குறைய 4 தெசிபெல் ஏறும். வேகத்தை இரட்டித்தால் ஏறுவது 15 தெசிபெல். இத்தனைக்கும் கிடைக்கும் குளிர்ச்சி என்ன? வெப்பந்தாங்கி காற்றுக்கு வெப்பத்தைக் கையளிக்கும் திறன் காற்றின் வேகத்தோடு முழுமையாக உயர்வதில்லை. ஐந்தில் ஒரு பங்கு மிகுந்த வேகத்துக்கு நூற்றுக்குப் பத்தளவு நன்மை கிடைத்தால் அதுவே பெரிது. சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் 30 பாகை சூடாயிருந்த செயலி 27 பாகையளவுக்கு இறங்கும். மூன்று பாகை! ஆனால், எல்லையில் நிற்கும் செயலிக்கு அம்மூன்று பாகையே வீழ்ச்சிக்கும் நிலைபேற்றுக்கும் இடைப்பட்ட வேறுபாடாக அமைவதுண்டு. அதனாலேதான் மக்கள் அவ்விரைச்சலைப் பொறுத்தனர்.

பொறுத்தனர் என்றேன், எல்லோரும் அல்லர். இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, 6 சென்ரிமீற்றர் அகலமே உள்ள ஒரு விசிறி நிமிடத்துக்கு 7,000 சுற்று வேகத்தில் சந்தைக்கு வந்தது. மயிர் உலர்த்தும் கருவியைத் தலைமாட்டில் வைத்திருப்பது போல் இருந்தது என்று அதனைப் பொருத்தியோர் முறையிட்டனர். வீட்டார் முறையிட்டதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு எதிராக மற்றொரு கூட்டம் எழுந்தது. அவர்கள் மின்வழங்கியின் மஞ்சட் கம்பியில் 12 வோல்ற்றும் சிவப்புக் கம்பியில் 5 வோல்ற்றும் இருப்பதைக் கண்டு, விசிறியை இவ்விரண்டுக்கும் இடையே இணைத்து 7 வோல்ற்றில் மெல்ல ஓடவிட்டனர். குளிர்ச்சிக் குறைவை வேறு வழியால் ஈடுசெய்தனர்: சிறிய விசிறியை அகற்றிப் பெரியதை வைத்தனர். ஒரே வடிவுடைய விசிறியை இரு மடங்கு அகலமாக்கினால், கொள்கையளவில், எட்டில் ஒரு பங்கு வேகத்திலேயே அதே அளவு காற்று வரும். அழுத்தம் குறையுமாதலால் வெப்பந்தாங்கியின் பற்களை ஐதாக அமைக்க வேண்டும், அவ்வளவே. இரைச்சலோ கேட்குமுன் அடங்கிவிடும். விரைவுக்காரர்களும் அமைதிக்காரர்களும் ஒரே பற்றாசுக் கோலை இரு திசைகளிற் பிடித்தனர் என்பது எனக்கு எப்பொழுதும் நகைப்பைத் தருவது. இரு சாராருள் அமைதிக்காரரின் கணக்கே நுட்பமானது என்பது என் எண்ணம்.

இதற்கிடையில், இலவச விருந்தின் விலைச்சீட்டு மேசைக்கு வந்துவிட்டது. 2001-ஆம் ஆண்டு பெப்ரவரியில், இன்டெல் நிறுவனத்து பற் கெல்சிங்கர் பொறியியலாளர் மாநாடொன்றிற் பேசும்போது, சில்லுகளின் வெப்பச்செறிவு இவ்வாறே ஏறுமாயின், அது சில ஆண்டுகளில் அணு உலையையும், பின்னர் ஏவுகணையின் வாயையும், ஈற்றில் ஞாயிற்றின் மேற்பரப்பையும் ஒக்கும் என்று எச்சரித்தார். கேட்டோர் மிகைப்படுத்தல் என்று எண்ணியிருக்கலாம். 2004-ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதே நிறுவனம் வெளியிட்ட பிறெஸ்கொற் என்னும் பென்டியம் 4 செயலி 100 வாற்றைக் கடந்தது. அதன் சில்லின் பரப்போ ஒரு சதுர சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டியது. துணி மினுக்கும் மின்னழுத்தி 1,000 வாற்று உண்டாலும், அதன் அடித்தட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குக் கிடைப்பது ஐந்து வாற்றளவே. செயலியில் அதனைப் போல் இருபது மடங்களவு வெப்பம் செறிந்தது. அணுக்கள் சிலவற்றின் தடிப்பே உள்ள படலங்களின் ஊடாக மின்னோட்டம் வேலையின்றியே கசியத் தொடங்கியதால், உறுப்பைச் சிறிதாக்கினால் வெப்பம் அடங்கும் என்ற பழைய விதி உடைந்தது.

வாங்கியோர் விசிறிகளை விரைவாக்கிப் பார்த்தனர். இம்முறை விசிறியின் பயன் முன்னையதினும் நேரானது. ஏனெனில், சூடு மிகுந்தால் பென்டியம் 4 தன் தாளத்தை விட்டுவிட்டுத் தட்டி வேகத்தைத் தானே குறைத்தது. கடையில் வாங்கிய வேகத்தை முழுமையாகப் பெறுவதற்கே நல்ல காற்று வேண்டியதாயிற்று. மிகை கேட்டுப் பழகியவர்கள் உரியதைக் காப்பதற்காக விசிறியைத் திருத்தும் நிலை அது. ஆனால், எந்த விசிறியும் அந்தச் சுவரைத் தள்ளவில்லை. 2004 மே மாதத்தில் இன்டெல் தன் அடுத்த செயலியான தேஹாஸ் என்பதைக் கைவிட்டது. ஒக்டோபரில், முன்னர் அறிவித்திருந்த 4 கிகா ஹேர்ட்ஸ் பென்டியம் 4 வெளிவராது என்றும் கூறியது. 2006-இல் வந்த கோர் 2 செயலிகள் தாழ்ந்த வேகத்தில், இரண்டு உள்ளகங்களோடு, 65 வாற்றளவில் அதனினும் மிகுந்த வேலையைச் செய்தன. ஒரு தனித் தாளத்தை மேன்மேலும் விரைவாக்கும் ஓட்டம் அங்கே நின்றது. அதனை நிறுத்தியது கணிதம் அன்று. காற்றால் ஏந்திச் செல்ல முடியாத வெப்பம்.

அக்காலத்தையொட்டி விசிறிக்கும் நான்காவது கம்பி ஒன்று வந்தது. முதலிரண்டு மின்சாரத்துக்கு, மூன்றாவது, ஒரு சுற்றுக்கு இரு துடிப்பாகத் தன் வேகத்தை விசிறி அறிவிப்பதற்கு. நான்காவதன் வழியே தாய்ப்பலகை ஒரு நொடிக்கு 25,000 தடவையளவில் திறந்து மூடும் கட்டளையை அனுப்பி, செயலியின் உண்மையான சூட்டைப் பார்த்து வேகத்தை ஆளுகின்றது. இன்று விசிறியை விரைவாக்க ஒட்டுத்தாளை உரிக்க வேண்டியதில்லை. தொடக்கத் திரையில் ஒரு வளைகோட்டை மேலே இழுத்தாற் போதும். பெருந்தரவு நிலையங்களில் 4 சென்ரிமீற்றர் விசிறிகள் நிமிடத்துக்குப் பதினையாயிரம் சுற்றுக்களையும் தாண்டி அலறுகின்றன. அங்கே உறங்குவோர் எவருமில்லை. வெப்பம் மிகுந்த புதிய பொறிகளுக்கு நீர்க்குழாய்கள் மீண்டும் வந்துள்ளன. கிறேயின் திரவத் தொட்டியை நினைவூட்டும் மூழ்கு தொட்டிகளும் சில இடங்களில் வைக்கப்பட்டுள்ளன.

நம் நாட்டு நேயருக்கு ஒரு சொல். விசிறி எவ்வளவு விரைந்து சுழன்றாலும், தான் உறிஞ்சும் காற்றைக் காட்டிலும் செயலியைக் குளிர்விக்க மாட்டாது. வடதேசத்துக் குளிரறையில் 20 பாகைக் காற்றோடு செய்த சோதனையின் முடிவுகளை, பங்குனி வெயிலில் 33 பாகை நிற்கும் நம் அறையில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே எஞ்சும்; அப்பதின்மூன்று பாகையும் அப்படியே செயலியின் சூட்டில் ஏறிவிடும். மற்றொன்று தூசி. வெப்பந்தாங்கியின் பற்களுக்கிடையே ஈராண்டுத் தூசி கம்பளிபோற் படிந்திருக்கையில், விசிறியின் வேகத்தைக் கூட்டுவது அடைத்த சாளரத்துக்கு முன்னின்று வீசுவதை ஒக்கும். கணனியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, இதழ்களை விரலாற் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகை ஒன்றால் அப்பற்களைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அதன் பின்னர் விசிறி முன்னிலும் மெதுவாகச் சுழலும்.